வடக்குச் சுவரின் ஆறு முட்டுகள்

எனக்குப் பயம் வந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். மற்றவர்களுக்குக் கை நடுங்கும், வியர்க்கும், வயிற்றைக் கலக்கும். எனக்கு அந்த மூன்றும் வரும், நான்காவதாக ஒரு நக்கலும் வரும். கல்யாணத்தன்று பீடத்துக்கு முன்னால் சாமியார் "சம்மதமா?" என்று கேட்டபோது, "இப்ப இல்லன்னா பிரியாணி வீணாயிடுமே ஃபாதர்" என்றவன் நான். கோயில் முழுக்கச் சிரித்தது. என் மனைவி சிரிக்கவில்லை. அந்தக் கேள்விக்கு நான் இன்றுவரை ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை என்பது அவள் கட்சி.

இந்த வாயால் எனக்குக் கெடுதல் வந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். வந்தது ஒரு கோயில் சுவருக்கு. கோபத்தோடுதான் எழுதுகிறேன். பாதிக் கோபம் கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் எங்கள் பங்குப் பேரவைமேல். மீதி என்மேல். என் பாதிதான் கொஞ்சம் பெரிய பாதி.

எங்கள் பங்குக் கோயில் கூர்வளைவும் ஊசிக் கோபுரமும் வைத்த கோத்திக் கட்டடம். ஆரணியில், அரிசி மில் புகைபோக்கிக்கும் செல்போன் டவருக்கும் நடுவில் அது நிற்பதைப் பார்த்தால், பிரான்சுக்குப் போகவேண்டிய யாரோ தூங்கிப்போய் எங்கள் பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்ட மாதிரி இருக்கும். கட்டச் சொன்னவர் ஒரு பிரெஞ்சு சாமியார். அவரிடம் இருந்தது தன் ஊர்க் கோயிலின் படம் ஒன்று, பிடிவாதம் நிறைய. கட்டியவர்கள் போளூர்ப் பக்கத்துக் கொத்தர்கள். அதற்கு முன் அவர்கள் கட்டியதெல்லாம் அம்மன் கோயிலும் மண்டபமும். தூணின் தலையில் அவர் தன் தேசத்து இலையைக் கேட்டிருக்கிறார். இவர்கள் வாழைப்பூவைச் செதுக்கிவிட்டார்கள். மழைத்தண்ணீர் விழும் தூம்புக்குப் பயங்கரமான மிருக முகம் வேண்டும் என்றிருக்கிறார். இவர்களுக்குத் தெரிந்த பயங்கர முகம் யாளி. அதனால் ஐப்பசி மழையில் எங்கள் மாதா கோயில் கூரையிலிருந்து பன்னிரண்டு யாளிகள் தண்ணீர் துப்பும். வாசலில் இறக்கை விரித்து நிற்கும் சம்மனசுகளுக்குக் காது தோள்வரை தொங்கும். சாமியார் கடைசியில் சண்டை போடுவதை விட்டுவிட்டார் போலிருக்கிறது. நல்லவேளை.

நான் பட்டுச்சேலைக்கு டிசைன் போடுகிறவன். முன்பு கட்டம் போட்ட தாளில், இப்போது கம்ப்யூட்டரில். எங்கள் கோயில் சன்னலின் கூர்வளைவை ஒருமுறை சேலைக் கரையில் வரிசையாக வைத்தேன். கடைக்காரர் அதைப் புது மாதிரி கோபுரக் கரை என்று சொல்லி விற்றார். எத்தனையோ மணப்பெண்கள் இடுப்பைச் சுற்றிப் பிரெஞ்சு சன்னலோடு பிள்ளையாரைக் கும்பிட்டிருக்கிறார்கள். யாருக்கும் எந்தக் கெடுதலும் வரவில்லை.

இப்படிப் படம் போடத் தெரிந்தவன் என்பதால் சில வருடங்களுக்கு முன் கோயில் விழா மலருக்கு வரலாறு எழுதும் வேலையும் என் தலையில் விழுந்தது. அதற்காகச் சாமியார்கள் தங்கும் பங்களாவின் பீரோவிலிருந்த, கோயில் கட்டிய சாமியாரின் பிரெஞ்சு நாட்குறிப்பை ஒரு கன்னியர் மடத்துச் சகோதரி எனக்குத் தமிழில் படித்துச் சொன்னார். அதில் தெரிந்துகொண்ட விஷயம்தான் இந்தக் கதைக்கு முதுகெலும்பு. கோயிலின் மேல்கூரை செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய வளைவுக் கூரை, படகைக் கவிழ்த்தது போல. மரச் சாரத்தை எடுத்த வாரத்திலேயே அந்தக் கூரை சுவர்களை வெளிப்பக்கம் தள்ள ஆரம்பித்திருக்கிறது. வடக்குச் சுவர் ஒரு விரல் அளவு சாய்ந்துவிட்டது. சாமியார் பூசையை வெளியே மரத்தடியில் வைத்துவிட்டு, அவசர அவசரமாக வடக்கில் ஆறும் தெற்கில் ஆறும் முட்டுச்சுவர் கட்டினார். கீழே தடித்து மேலே மெலிந்து, சரக்கு லாரியைத் தோள்கொடுத்துத் தள்ளும் ஆட்களைப் போல அவை இன்றும் நிற்கின்றன. அன்றிலிருந்து சுவர் நகரவில்லை.

இதை நான் மலரிலேயே எழுதியிருந்தேன். யாரும் படிக்கவில்லை. மலரில் எல்லோரும் தங்கள் குடும்பப் போட்டோ வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள்.

இனி தேர். எங்கள் திருவிழாவில் மாதாவின் தேர் கோயிலைச் சுற்றி வரவேண்டும். கிழக்கு வாசலில் புறப்பட்டு, தெற்குத் தெரு, மேற்கு மூலை, கடைசியாக வடக்குச் சுவரை ஒட்டிய சந்து. சந்தில் இருப்பவர்கள் மில்லிலும் வயலிலும் கூலிக்குப் போகிறவர்கள், தறிக்குத் துணைவேலை செய்கிறவர்கள். தேர் தங்கள் வாசலுக்கு வந்ததும் உப்பையும் மிளகையும் அதன்மேல் போட்டு வேண்டிக்கொள்வார்கள். ஒரு காலத்தில் தேர் அந்தச் சந்துக்குள் நுழையாது. ஏன் நுழையாது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சந்துக்காரர்கள் சண்டை போட்டு, ஒரு வருடம் திருவிழாவையே நிறுத்தி, தேரைத் தங்கள் பக்கம் வரவைத்தார்கள். அந்த உரிமையை வாங்கியது இப்போது இருப்பவர்களின் அப்பன்மார்.

இரண்டு வருடங்களுக்கு முன் பேரவைச் செயலாளருக்குப் புதுத்தேர் ஆசை வந்தது. அவர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போதும் கக்கத்தில் ஃபைல் இருப்பது போலவே நடப்பார். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் நாலைந்து குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு இரண்டு அடுக்குத் தேர் செய்யவைத்தார். தேக்கு, இரும்புச் சக்கரம், சுற்றிச் சுற்றி ஓடும் விளக்கு. எல்லாம் அளந்து செய்தார்கள், சந்தின் அகலத்தை மட்டும் அளக்கவில்லை. போன திருவிழாவில் அந்தத் தேர் சந்துக்குள் திரும்பும்போது தோள்பட்டை முதல் முட்டில் இடித்து நின்றது. மாதாவின் கிரீடம் காதுக்குச் சரிந்தது. பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சந்துக்காரர்கள் உப்பும் மிளகும் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அதை நான் பார்த்தேன். அப்போதும் பயத்தில் ஏதோ ஜோக் அடித்தேன். என்னவென்று நினைவில்லை. நினைவில்லாதது நல்லது.

வாங்கி வந்த கட்டில் கதவுக்குள் நுழையவில்லை என்றால் மனுஷன் கட்டிலை மாற்றுவான். எங்கள் பேரவை கதவைச் சுவரோடு இடிப்பது என்று முடிவு கட்டியது.

ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்து, பங்கு மன்றத்தில் கூட்டம். டீயும் வடையும் சுற்றி வந்தன. செயலாளர் எழுந்து, "வடக்குப் பக்கத்து ஆறு முட்டுங்களையும் எடுத்துட்டா சந்து நல்லா அகலமாயிடும். தேர் ஜம்முனு திரும்பும். சந்து ஜனங்களுக்குப் போன வருஷம் நடந்த மாதிரி நடக்கக்கூடாதில்ல?" என்றார். சந்துக்காரர்கள் பெயரைச் சொல்லிவிட்டதால் யாருக்கும் எதிர்க்க வாய் வரவில்லை. அவருக்கு அது தெரியும்.

புதிதாக வந்த பங்குச்சாமியார் நல்லவர், இளையவர், சண்டை என்றால் கண்ணாடியைத் துடைப்பவர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அது டெகரேஷன்தானா? இல்ல பில்டிங்குக்கு ஏதாவது தேவையா?" என்று கேட்டார்.

செயலாளர் என் பக்கம் கையை நீட்டினார். "கோயில் வரலாறே எழுதினவரு இங்கதானே உக்காந்துகினு கீறாரு. அவரே சொல்லட்டும். சொல்லுப்பா, அந்த முட்டுங்க எதுக்கு?"

எண்பது தலைகள் திரும்பின. எனக்கு எல்லாம் தெரியும். நாட்குறிப்பு, விரல் அளவு, மரத்தடிப் பூசை, எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. வடையை விழுங்கினேன். எழுந்தேன். தொடை ஆடியது.

"பூசைக்கு லேட்டா வர்றவங்க சாஞ்சிகினு நிக்கறதுக்குத்தான் ஃபாதர்."

மன்றம் அதிர்ந்தது. வடை தின்றவர்களுக்குப் புரையேறியது. சாமியாரே சிரித்தார். சிரிப்பைக் கேட்டதும் என் தொடை ஆடுவது நின்றது, நான் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்துவிட்டேன்! அவ்வளவுதான் நான். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குள் செயலாளர் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாசித்தார்: கோயில் வரலாறு அறிந்த அன்பரிடம் கேட்டதில், முட்டுச்சுவர்களால் கட்டடத்துக்குப் பயன் ஏதும் இல்லை எனத் தெரியவருகிறது. கை தட்டினார்கள். எனக்கா தீர்மானத்துக்கா என்று தெரியாமல் நானும் தட்டினேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"உனக்குத் தெரியாதா அது எதுக்குன்னு?"

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லல."

"பயமா இருந்துது."

"செவுரு வுழுந்தா அப்ப இன்னா ஜோக்கு சொல்லுவ? இப்பவே யோசிச்சி வெச்சிக்கோ."

மறுநாள் காலை செயலாளர் வீட்டுக்குப் போனேன். கேட்டிலேயே நிறுத்தினார். கூரை தள்ளுகிறது, முட்டு தாங்குகிறது, நாட்குறிப்பில் இருக்கிறது என்று ஒரே மூச்சில் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நேத்து ஒண்ணு சொன்ன, இன்னிக்கி ஒண்ணு சொல்ற. எது ஜோக்கு?" என்றார்.

"நேத்து சொன்னதுண்ணா."

"எனக்கு என்னமோ இதுதான் ஜோக்கா தெரியுது. நூறு வருஷமா நிக்கற செவுரு, இன்னிக்கித்தான் தள்ளுதா? போப்பா. பேஜார் பண்ணாத. மேஸ்திரி வந்துட்டாரு."

நூறு வருடமாக நின்றதே அந்த முட்டுகளால்தான் ஐயா என்று கேட்டை நோக்கிக் கத்தினேன். கேட் பதில் சொல்லவில்லை.

அங்கிருந்து பங்களாவுக்கு ஓடினேன். சாமியார் கையில் காபி இருந்தது. சொல்லிப் புரியவைக்க முடியாது என்று தோன்றியதால், "காபியை வெச்சிட்டு எழுந்து நில்லுங்க ஃபாதர்" என்றேன். எழுந்தார். அவருக்கு எதிரே நின்று, இரண்டு பேர் உள்ளங்கைகளையும் தலைக்கு மேலே சேர்த்து, கால்களைப் பின்னால் தள்ளித் தள்ளி ஒருவர்மேல் ஒருவர் சாயச் சொன்னேன். வளைவு மாதிரி நின்றோம். புதிதாகப் போட்ட வழவழப்பான டைல்ஸ் தரை. அவர் செருப்பு பின்னால் வழுக்க ஆரம்பித்தது.

"விழறேங்க, விழறேங்க!"

"இதான் ஃபாதர் கூரை. கை ஒண்ணை ஒண்ணு தள்ளுது. கால் வெளிய ஓடுது. உங்க கால்தான் செவுரு. ஓடாம இருக்க உங்க குதிகாலுக்குப் பின்னாடி யாராவது காலை வெக்கணும். அதுதான் முட்டு."

சாமியார் மேசையைப் பிடித்துத் தப்பினார். மூச்சு வாங்க, "புரியுது. நல்லா புரியுது" என்றார். எனக்குக் கண்ணே கலங்கியது. பிறகு கண்ணாடியைத் துடைத்தார். "ஆனா பேரவை தீர்மானம் போட்டுட்டாங்களே. நான் வந்து நாலு மாசம்தான் ஆச்சு. அடுத்த கூட்டத்துல வெச்சிப் பேசலாமா?"

அடுத்த கூட்டம் ஒரு மாதம் கழித்து. சுவருக்கு அந்தத் தேதியை யார் சொல்வது? புரியாத ஆள்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. எனக்கே பல விஷயம் புரியாது. நன்றாகப் புரிந்துகொண்டு, குதிகால் வழுக்குவதையும் பார்த்துவிட்டு, காபியை ஆறுவதற்குள் குடிக்கிற ஆளைப் பார்த்தால்தான் ரத்தம் கொதிக்கிறது. அன்று பங்களா படியில் இறங்கும்போது கொதித்தது. அப்புறம் நினைத்தேன்: நேற்று நானும் வடை தின்றேனே.

அன்றே இடிக்கும் மெஷின் வந்துவிட்டது. தெள்ளார்ப் பக்கத்து மேஸ்திரி, கூட இரண்டு ஆட்கள். மேற்கு மூலையில், தேர் இடித்த முதல் முட்டில் ஆரம்பித்தார்கள். சத்தம் கேட்டு ஓடிப்போய் இரண்டாவது முட்டில் முதுகை வைத்து நின்றுகொண்டேன். முதல் முட்டுச்சுவரைத் தொடத் தைரியமில்லை, மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. என் போராட்டம் எப்போதும் ஒரு முட்டு தள்ளித்தான் நடக்கும். சந்தில் போகிறவர்களெல்லாம், "இன்னாண்ணா, பூசைக்கு லேட்டா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்கள். ஜோக் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. உண்மை மலரிலேயே கிடந்தது.

செவ்வாய் மத்தியானத்துக்குள் முதல் முட்டு இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது. அந்தப் பழைய சுண்ணாம்பு அவ்வளவு லேசில் விடவில்லை. கல்லை விட்டுச் சுண்ணாம்பு பிரியாமல் கல்லே உடைந்தது. மேஸ்திரி, "இன்னாங்க இது, கடுக்காய்த் தண்ணி ஊத்திக் கட்டினதா? இரும்பா நிக்குது" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. இடிக்கிற பொருளுக்கு மரியாதை கொடுக்கத் தெரிந்தவர்.

அப்போதுதான் கோயிலுக்குள்ளிருந்து ஒரு பெண் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். சந்தில் மூன்றாவது வீடு. பாவு புணைக்கிறவர். தறியில் நீளவாட்டில் ஓடும் பழைய பாவு முடியும்போது புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் பழைய இழை நுனியோடு முறுக்கி ஒட்டவேண்டும், அந்த வேலை. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பேசிக்கொண்டே, இழையைப் பார்க்காமலே செய்வார். அன்று கோயில் பெருக்குவது அவர் முறை.

"அண்ணா, இங்க வந்து பாரு. காலையில பெருக்கினேன். மறுபடியும் மேலேருந்து சுண்ணாம்பு கொட்டிகினு கீது."

அண்ணாந்து பார்த்தேன். இடித்த முட்டுக்கு நேர் மேலே, வளைவுக் கூரையின் விலா ஒன்று சுவரில் வந்து இறங்கும் இடத்தில், மயிர் அளவு கோடு. அது சன்னல் ஓரமாக இறங்கி ஆள் உயரத்துக்கு வந்திருந்தது. என் வாய் திறந்தது. ஏதோ வரப்பார்த்தது. அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்து, "அண்ணா, இப்ப வேணாம்" என்றார். வாயை மூடினேன்.

"பழைய விரிசலா, புதுசா?" என்றேன். "யாரைக் கேட்டாலும் பழசுன்னுதான் சொல்லப்போறாங்க."

"கேக்க வேணாம். பாத்துக்கலாம். ஆணி கீதா?"

மேஸ்திரியிடம் இரண்டு சின்ன ஆணி வாங்கி வந்தேன். விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நாலு விரல் தூரத்தில் சுவரில் மெதுவாக இறக்கினோம். அவர் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு பட்டு இழையை எடுத்தார். இரண்டு ஆணிக்கும் நடுவே கட்டி, தொய்வு இல்லாமல், இறுக்கமும் இல்லாமல், தறிப் பாவு நிற்கிற பக்குவத்தில் விட்டார். விரிசல் வாய் திறந்தால் இழை இறுகிக் காட்டிக்கொடுத்துவிடும். நகத்தால் ஒரு சுண்டு சுண்டினார். என்னையும் சுண்டச் சொன்னார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் சேலையைப் படத்தில் பார்க்கிறவன்.

வெளியே மெஷின் ஓடியது. நான் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து செபம் செய்ய முயன்றேன். அருள் நிறைந்த மரியே பாதியில் மறந்துவிட்டது.

நாலு மணிக்கு அவர் இன்னும் இரண்டு பெண்களோடு வந்தார், இருவரும் தறி வீட்டுக்காரர்கள். சுண்டினார். முகம் மாறியது. மற்றவர்களைச் சுண்டச் சொன்னார். முதல் பெண், "இன்னாடி இது, கம்பி மாதிரி நிக்குது" என்றார். அடுத்தவர் சுண்டிவிட்டுக் கையை உதறி, சிலுவை போட்டுக்கொண்டார். இந்த முறை நான் சுண்டியபோது எனக்கே தெரிந்தது. ஆணியிலிருந்து ஆணிக்கு யாரோ பிடித்து இழுப்பது போல இருந்தது.

ஓடினேன். மேஸ்திரியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தேன். அவர் இழையைச் சுண்டவில்லை. அந்தப் பெண்களின் முகத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், வெளியே போய் மெஷினை நிறுத்தினார். "நான் எடுக்க மாட்டேங்க. எனக்கும் குடும்பம் கீது" என்றார். பத்து நிமிடத்தில் செயலாளர் வந்துவிட்டார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

"யார்யா வேலைய நிறுத்தச் சொன்னது? நூலைப் பாத்தா வேலைய நிறுத்துவாங்க?"

பாவு புணைக்கிற பெண் துடைப்பத்தைக் கீழே வைத்தார். "இந்த ஊர்ல வேற எதைப் பாத்து சார் நிறுத்துவாங்க?"

"இவன் சொல்லிக் குடுத்து நீங்க ஆடறீங்களா? உங்க சந்துக்குத் தேர் வரணும்னுதான் நான் இவ்ளோ பாடு படறேன்."

"எங்க பேரைச் சொல்லாதீங்க சார். அந்த முட்டு தேரைத் தடுக்கல. நீங்க செஞ்ச தேருதான் எங்க வாசலைத் தடுக்குது. செவுரு வுழுந்தா எந்தப் பக்கம் வுழும்? உங்க தெருப் பக்கமா? எங்க ஊட்டு மேல வுழும்."

அதுவரை எனக்கு அது தோன்றவில்லை. கூரையைப் பற்றி, பிரெஞ்சு சாமியாரைப் பற்றி, வாழைப்பூவைப் பற்றி எல்லாம் யோசித்தேனே தவிர, சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்கள் சமைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று யோசிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கும் ஜோக் வரும் எனக்கு, அன்று வரவில்லை.

செயலாளர் விறுவிறு என்று சுவருக்குப் போய் இழையைச் சுண்டினார். அவர் அப்பா நெசவாளி. அலுவலகத்தில் எத்தனை வருடம் உட்கார்ந்திருந்தாலும் விரலுக்கு மறந்துபோகுமா? கை அப்படியே நின்றது. இன்னொரு முறை சுண்டினார், முன்பைவிட மெதுவாக. அவருக்குத் தெரிந்துவிட்டது. அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அவர் திரும்பி என்ன சொன்னார் தெரியுமா?

"மழை வர்ற மாதிரி கீது. ஈரத்துல நூலு இறுகும்."

மூன்று பெண்களும் ஒரே குரலில், "பட்டு ஈரத்துல தொய்யும் சார்!" என்றார்கள். கோயிலில் பாட்டுக் குழு இவ்வளவு ஒன்றாகப் பாடி நான் கேட்டதில்லை.

சாமியாரும் வந்தார். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். பிறகு, சத்தமில்லாமல்தான், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "வேலை நிக்கட்டும். தீர்மானத்துக்கு நான் பதில் சொல்லிக்கறேன்" என்றார். ஒரு நாள் முன்னால் சொல்லியிருந்தால் ஒரு முட்டு மிச்சமாகியிருக்கும். சரி, ஐந்து மிஞ்சியது.

அன்று இருட்டுவதற்குள் சவுக்குக் கட்டைகளை வெட்டுப்பட்ட இடத்தில் சாய்த்து முட்டுக் கொடுத்தார் மேஸ்திரி. வேலூரிலிருந்து பழைய கட்டடம் தெரிந்த இன்ஜினீயர் ஒருவர் வந்து பார்த்தார். சிமெண்ட் கூடாது, சுண்ணாம்பிலேயே திரும்பக் கட்டவேண்டும், நகர்ந்த சுவர் திரும்பி வராது, இனி நகராமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். இழையை அவிழ்க்க வேண்டாம் என்றும் சொன்னார்.

அடுத்த கூட்டத்தில் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் பேரவையில் அந்த வழக்கம் இல்லை. பாதுகாப்புக் காரணங்களை முன்னிட்டு இந்த வருடம் தேர் வடக்குச் சந்துக்குப் போகாது என்று செயலாளர் வாசித்தார். வாசித்துவிட்டு, "காரணம் யாருன்னு எல்லாருக்கும் தெரியும்" என்று என் பக்கம் பார்த்தார். எண்பது தலைகள் மறுபடி திரும்பின. ஜோக்குக்காகச் சிலர் முன்கூட்டியே சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

எழுந்தேன். தொடை ஆடியது. "போன கூட்டத்துல நான் சொன்னது பொய்" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. "அந்த முட்டு இல்லன்னா செவுரு நிக்காது. எனக்கு அப்பவே தெரியும். பயந்துகினு உளறிட்டேன்." இரண்டு பேர் சிரித்தார்கள். மறுபடி முதலிலிருந்து சொன்னேன், அதே வார்த்தைகள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காத கூட்டத்துக்கு முன்னால் நிற்பது எவ்வளவு பயங்கரம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். வெறும் காலோடு தார் ரோட்டில் நிற்பது போல.

பின்வரிசையிலிருந்து பாவு புணைக்கிற பெண் எழுந்தார். "பழைய தேரு இன்னா ஆச்சு?"

மன்றத்தின் பின்னால் ஷெட்டில், உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு அடியில் கிடக்கிறது என்று யாரோ சொன்னார்கள்.

"அது சின்னதும்மா. பெயிண்ட் போச்சு. பாக்க அசிங்கமா இருக்கும்" என்றார் செயலாளர்.

"எங்க அப்பாரு சண்டை போட்டுச் சந்துக்குள்ள இஸ்துகினு வந்த தேரு சார் அது. அசிங்கமா இருந்தா நீங்க பாக்க வேணாம்."

சாமியாரிடம் அனுமதி கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது. அடுத்த ஞாயிறு சந்துக்காரர்கள் நாற்காலிகளைத் தூக்கி எறிந்துவிட்டுத் தேரை வெளியே எடுத்துவிட்டார்கள். அச்சுக்கு எண்ணெய் விட்டார்கள். என்னை வர்ணம் அடிக்கக் கூப்பிட்டார்கள். நாலு பக்கமும் கூர்வளைவு வரைந்தேன். ஒரு பக்கம் கோணலாக வந்துவிட்டது.

திருவிழாச் சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே இரண்டு தேரும் கிழக்கு வாசலில் நின்றன. பெரிய தேரின் விளக்குகள் சுற்றிச் சுற்றி ஓடின. அதில் யாரை வைப்பது என்று தெரியாமல் ஒரு புனிதரை வைத்திருந்தார்கள். அது வாசலைவிட்டு நகரவில்லை. மாதா பழைய தேரில் இருந்தார். தெற்குத் தெரு, மேற்கு மூலை. சந்துக்குள் திரும்பும்போது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். சவுக்குக் கட்டைகளுக்கும் எதிர்வீட்டுச் சுவருக்கும் நடுவே ஒரு முழம் இடம் விட்டுத் தேர் உள்ளே போனது. உப்பும் மிளகும் கல்மாரி போல விழுந்தன. ஒரு மிளகு என் கண்ணுக்குள் போய்விட்டது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றேன். செயலாளர் பக்கத்தில் வந்து நின்றார்.

"பெரிய தேரு வாசல்லயே நிக்குது. எத்தனை பேரு ஆசையா செஞ்சது. எல்லாம் உன்னாலதான்."

"ஆமாங்கண்ணா. என்னாலதான்."

அவர் காத்திருந்தார், மேற்கொண்டு ஏதாவது வரும் என்று. நானும் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. சந்துக்குள்ளிருந்து யாரோ, "ஏ டிசைன்காரரே, சும்மா நிக்கறீங்களே, சக்கரத்துக்குக் கட்டை போட வாங்க, ஜல்தி!" என்று கத்தினார்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓடினேன்.